எதிரிக்கு உடந்தையானவர்களும் சண்டை விமானங்களும்: பிழையில்லாத வினாடி வினா அமைப்பது எப்படி?

பள்ளியிலோ நூலகத்திலோ வினாடி வினா நடத்துகிறவர்கள் இரண்டாம் உலகப் போரைத் தொடாமல் இருப்பதில்லை. அந்தப் போரிலும் இரண்டு துறைகள் மாணவர்களைச் சட்டென்று ஈர்த்துவிடும். ஒன்று, தம் நாட்டைக் கைப்பற்றிய எதிரிக்கு உடந்தையாக இருந்தவர்களின் வரலாறு. மற்றொன்று, அக்காலத்து வானத்தில் பறந்த சண்டை விமானங்களின் வரலாறு. இரண்டிலும் செய்திகள் கொட்டிக் கிடக்கின்றன. பிழையான செய்திகளும் அதே அளவுக்குக் கொட்டிக் கிடக்கின்றன. பல ஆண்டுகளாக இந்தச் சுற்றுக்குக் கேள்விகள் எழுதி வருகிறவன் என்ற முறையில், அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே ஓட்டையின் வழியாகத்தான் நுழைகின்றன என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்: கேள்வியில் தேதி இருப்பதில்லை. அந்தப் போரில் மனிதர்கள் பக்கம் மாறினார்கள், விமானங்களுக்கு எஞ்சின் மாறியது, நாடுகளே அணி மாறின. எனவே காலத்தைக் குறிப்பிடாமல் கேட்கும் எந்தக் கேள்விக்கும் இரண்டு சரியான விடைகள் இருக்க வாய்ப்பு உண்டு.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மாணவனிடமிருந்து. ஒரு பள்ளியில், “ஸ்வஸ்திகா சின்னம் தாங்கி இரண்டாம் உலகப் போரில் பறந்தவை எந்த நாட்டு விமானங்கள்?” என்று கேட்டேன். என் தாளில் இருந்த விடை ஜெர்மனி. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, “சார், பின்லாந்து விமானத்துலயும் ஸ்வஸ்திகா இருந்துச்சு” என்றான். நான் மதிப்பெண் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டியபோது அவன் சொன்னதே சரி என்று தெரிந்தது. ஜெர்மன் விமானங்களில் வால் துடுப்பில் கறுப்பு நிறத்தில் இருந்த அந்தச் சின்னம், பின்லாந்து விமானங்களில் வெள்ளை வட்டத்துக்குள் நீல நிறத்தில் இறக்கைகளிலும் உடற்பகுதியிலும் வரையப்பட்டிருந்தது. ஸ்வீடன் நாட்டுப் பிரபு எரிக் ஃபான் ரோசன் தமக்கு ராசியானது என்று கருதிய அந்தச் சின்னத்துடன் 1918இல் பின்லாந்துக்கு ஒரு விமானத்தைப் பரிசளிக்க, அதுவே அந்நாட்டு விமானப் படையின் அடையாளமாயிற்று. நாஜிக் கட்சி ஸ்வஸ்திகாவைத் தன் கொடியில் ஏற்றியது 1920இல்தான். மறுவாரம் அந்தப் பள்ளிக்குச் சென்று அந்தப் பையனின் அணிக்கு உரிய மதிப்பெண்ணைச் சேர்த்துவிட்டு வந்தேன். அதன் பிறகு உருவான பழக்கங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கேள்வி எழுத உட்காருவதற்கு முன் இரண்டு சொற்களுக்கு நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற்சொல், எதிரியோடு ஒத்துழைத்தவரைக் குறிப்பது. தமிழில் ‘ஒத்துழைப்பு’ நல்ல சொல்லாகவே புழங்குகிறது. இருந்தாலும் 1920இல் காந்தியடிகள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தை நினைத்துப் பார்த்தால், அந்நிய ஆட்சிக்குக் கைகொடுப்பது பழி என்ற கருத்து நம் மொழியிலும் ஏற்கெனவே இருப்பது விளங்கும். பேச்சுவழக்கில் நாம் ‘எட்டப்பன்’ என்கிறோம். எட்டயபுரத்துப் பாளையக்காரர் மரபில் வழிவழியாக வந்த அந்தப் பெயர், 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட வரலாற்றோடு ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுப்பவன் என்ற பொதுப்பெயராகிவிட்டது. இதே போன்ற மாற்றம் ஐரோப்பாவில் நிகழ்ந்தது நார்வே நாட்டு விட்குன் குவிஸ்லிங்கின் பெயருக்கு. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்த மாலையிலேயே வானொலியில் தம்மை ஆட்சித் தலைவராக அவர் அறிவித்துக்கொண்டார். அந்த மாதம் முடிவதற்குள் ஆங்கில ஏடுகள் அவர் பெயரைத் துரோகி என்ற பொருளில் அச்சிடத் தொடங்கிவிட்டன. ‘குவிஸ்லிங் என்ற சொல்லுக்கு இணையாகத் தமிழில் வழங்கும் பெயர் எது’ என்று கேட்டுப் பாருங்கள், அரங்கமே விழித்துக்கொள்ளும்.

‘ஐந்தாம் படை’ என்ற தொடரையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நம் மேடைப் பேச்சில் அன்றாடம் அடிபடும் இத்தொடர் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரில், மாட்ரிட் நகரை நோக்கி நான்கு படைகள் வருகின்றன, ஐந்தாவது படை நகருக்குள்ளேயே இருக்கிறது என்ற கூற்று ஜெனரல் எமிலியோ மோலாவின் பெயரோடு பரவியது.

எதிரியோடு ஒத்துழைத்தவரைக் குறிக்கும் சொல் ஒரு தீர்ப்பையும் உள்ளே சுமந்திருக்கிறது என்பதைக் கேள்வி எழுதுபவர் மறக்கக் கூடாது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பெருந்தொகையாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் ஜான்சி ராணி படைப்பிரிவில் துப்பாக்கி ஏந்தினார்கள். பிரிட்டிஷ் ராணுவக் குறிப்புகள் அவர்களை ‘ஜிஃப்’ என்று சுருக்கி எழுதின. ஜப்பானிய இந்திய ஐந்தாம் படை என்பது அதன் விரிவு. 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய ராணுவ விசாரணை, ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவருக்கு ஆயுள் முழுவதும் நாடுகடத்தல் தண்டனை விதிக்க, மக்களின் கொந்தளிப்பைக் கண்ட தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை ரத்துச் செய்ய நேர்ந்தது. இவர்களை நார்வேயின் குவிஸ்லிங்கோடு ஒரே பட்டியலில் அடைக்கும் கேள்வியை நான் எழுத மாட்டேன். ‘பிரிட்டிஷ் ராணுவம் யாரை இப்படிக் குறித்தது’ என்று, சொன்னவரின் பெயரோடு சேர்த்துக் கேட்பதே நேர்மையான முறை.

இரண்டாவது சொல் ‘போர் விமானம்’. நம் செய்தித்தாள்கள் குண்டு வீசுவதையும் வேவு பார்ப்பதையும்கூடப் போர் விமானம் என்றே எழுதுகின்றன. வினாடி வினாவுக்கு இது போதாது. பிற விமானங்களை வானிலேயே எதிர்த்துத் தாக்குவதற்காகக் கட்டப்பட்டதைச் சண்டை விமானம் என்றும், மற்றவற்றைக் குண்டுவீச்சு விமானம், வேவு விமானம், தரைத்தாக்குதல் விமானம் என்றும் பிரித்து எழுதுங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களில் 36 மட்டுமே ஜீரோ சண்டை விமானங்கள். அவை காவலாக வந்தவை. குண்டுகளைச் சுமந்து வந்தவை மற்ற 91 விமானங்கள். ‘கொழும்பின் மீது குண்டு வீசிய சண்டை விமானம் எது’ என்ற கேள்வி பலரின் தாளில் இருக்கிறது. அதற்குச் சரியான விடையே கிடையாது. அதைவிட நல்ல கேள்வி ஒன்று அதே நிகழ்ச்சியில் இருக்கிறது: அன்று கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழும்பிச் சென்று ஜப்பானியரை எதிர்கொண்ட பிரிட்டிஷ் சண்டை விமானம் எது? விடை, ஹாக்கர் ஹரிக்கேன். அந்தத் திடல் ஓடுதளமாக மாறியிருந்தது ஜப்பானியருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு கால அட்டை

தபால் அட்டை அளவில் வெட்டிய தாளில் ஒருவரின் பெயரை எழுதி, அதன் கீழே ஆண்டு, மாதம், நாள், அன்று அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதை வரிசையாகக் குறியுங்கள். ஆறு வரிகளாவது நிரம்பாமல் அந்தப் பெயரைக் கேள்வியாக்காதீர்கள்.

குவிஸ்லிங்கின் அட்டையையே எடுத்துக்கொள்வோம். 1920களில் நார்வேயின் புகழ்பெற்ற துருவப் பயணி நான்சென்னோடு சேர்ந்து உக்ரைனில் பஞ்ச நிவாரணப் பணி செய்திருக்கிறார். ரஷ்யாவில் பிரிட்டனின் நலன்களைக் கவனித்துக்கொண்டதற்காக பிரிட்டன் அவருக்கு சி.பி.இ. விருது வழங்கியது, 1940இல் அதைப் பறித்துக்கொண்டது. 1931 முதல் 1933 வரை நார்வேயின் பாதுகாப்பு அமைச்சர். 1940 ஏப்ரலில் அவர் அறிவித்த ஆட்சி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஜெர்மானியரே அவரை ஒதுக்கி வைத்தார்கள். 1942 பிப்ரவரி 1 அன்றுதான் மீண்டும் பதவிக்கு வந்தார். 1945 அக்டோபர் 24 அன்று ஆஸ்லோவின் அகெர்ஷுஸ் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘1940 முதல் 1945 வரை நார்வேயை ஆண்டவர் யார்’ என்று கேட்டு குவிஸ்லிங் என்று விடை வைத்திருப்பவர்கள் இந்த அட்டையை எழுதியிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஐந்தாண்டுகளிலும் உண்மையான அதிகாரம் ஜெர்மானிய ஆணையர் யோசஃப் டெர்போவன் கையில் இருந்தது.

பிரான்சின் ஃபிலிப் பெத்தேன் இன்னும் நல்ல பாடம். 1916இல் வெர்தன் போர்க்களத்தைக் காத்த நாயகர் அவர். 1940இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சின் ஆட்சித் தலைவராகி, அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மோந்துவார் என்ற சிற்றூரில் ஹிட்லரின் கையைக் குலுக்கினார். ஆறு நாள் கழித்து வானொலியில், ஒத்துழைப்பின் பாதையில் தாம் அடியெடுத்து வைப்பதாக நாட்டு மக்களுக்கு அறிவித்தார். இன்று நாம் பயன்படுத்தும் பொருளில் அந்தச் சொல் உலகுக்கு அறிமுகமானது பெரும்பாலும் அந்த உரையால்தான். அவருடைய ஆட்சியின் ராணுவ நீதிமன்றம் 1940 ஆகஸ்டில், லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த தளபதி தெகோலுக்கு, அவர் இல்லாமலே, மரண தண்டனை விதித்தது. 1945 ஆகஸ்டில் பெத்தேனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தவர் அதே தெகோல். இந்த இரண்டு தண்டனைகளையும் எதிரெதிராக நிறுத்திக் கேட்டால், ஒரே கேள்வியில் ஐந்தாண்டு வரலாறு மாணவர் மனத்தில் பதியும்.

ஆசியாவின் அட்டைகள் வேறு விதமானவை. பிலிப்பைன்ஸின் ஹோசே லாரெல் 1943 முதல் 1945 வரை ஜப்பானியரின் கீழ் அதிபராக இருந்தவர். 1948இல் பொதுமன்னிப்புப் பெற்று, மறு ஆண்டே அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். பர்மாவின் ஆங் சான் ஜப்பானியரோடு நாட்டுக்குள் வந்து, 1945 மார்ச் 27 அன்று அவர்களுக்கு எதிராகவே படையைத் திருப்பினார். ‘ஆங் சான் எந்தப் பக்கம்’ என்ற கேள்விக்கு மார்ச் 26க்கு ஒரு விடையும் 28க்கு வேறொரு விடையும் உண்டு.

விமானத்தின் அட்டையில் எஞ்சினையும் எழுதுங்கள்

விமானத்துக்கும் இதே அட்டைதான். முதலில் பறந்த நாள், எந்த வகை மாதிரி, எந்த எஞ்சின், எந்தெந்த நாடுகள் எந்த ஆண்டில் ஓட்டின என்ற நான்கும் வேண்டும்.

மெஸ்ஸர்ஸ்மிட் 109 ஜெர்மனியின் அடையாளம் என்று எல்லோருக்கும் தெரியும். 1935 மே மாதம் அதன் முதல் மாதிரி பறந்தபோது அதற்குள் இருந்தது பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல் எஞ்சின், ஏனென்றால் ஜெர்மானிய எஞ்சின் இன்னும் தயாராகியிருக்கவில்லை. போர் முடிந்த பிறகு ஸ்பெயின் அதே விமானத்தைத் தன் தொழிற்சாலையில் கட்டி, ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பொருத்திப் ‘புச்சோன்’ என்று பெயரிட்டது. மெர்லின், பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தைப் பறக்கவைத்த எஞ்சின். செக்கோஸ்லோவாக்கியா வேறொரு எஞ்சினோடு கட்டிய அவியா எஸ்-199 என்ற வடிவத்தை 1948இல் இஸ்ரேல் தன் முதல் சண்டை விமானமாக வாங்கியது. ‘இது எந்த நாட்டு விமானம்’ என்று கேட்பதற்கு முன், எந்த ஆண்டில் எந்த வடிவம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

படக்கேள்வி வைப்பவர்களுக்கு இங்கே ஒரு சிறு பயிற்சி சொல்கிறேன். திரைப்படங்களிலும் விமானக் கண்காட்சிகளிலும் ஜெர்மானிய 109 என்று காட்டப்படும் படங்களில் கணிசமானவை ஸ்பானியப் புச்சோன்கள். வண்ணத்தையும் சிலுவைக் குறியையும் பார்க்காதீர்கள். மூக்கின் பக்கவாட்டில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் புகைபோக்கிக் குழாய்களைப் பாருங்கள். ஜெர்மானிய டைம்லர் பென்ஸ் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. ஆகவே அந்தக் குழாய்கள் மூக்கின் கீழ்ப்பாதியில், இறக்கையின் மட்டத்தை நோக்கித் தாழ்வாக இருக்கும். மெர்லின் நிமிர்ந்து நிற்பது. குழாய்கள் மேலே, விமானியின் பார்வைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரிசையாகத் தெரியும். மூக்கின் அடிப்பகுதியும் புறாவின் நெஞ்சுபோலப் புடைத்திருக்கும், புச்சோன் என்பதே ஒரு வகைப் புறாவின் பெயர். இந்த ஒரு அடையாளத்தைத் தெரிந்துகொண்டால் படத்தின் கீழே உள்ள தலைப்பை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

விமானம் ஒன்றே ஆனாலும் களம் மாறினால் அது எடுக்கும் நற்பெயரும் கெட்டபெயரும் மாறும். அமெரிக்காவின் புரூஸ்டர் பஃபலோ, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1941, 42இல் ஜப்பானியரிடம் படுதோல்வி கண்டது. அதே விமானத்தில் 44ஐ வாங்கிய பின்லாந்தின் விமானிகள் அதை வைத்துச் சோவியத் விமானங்களை நூற்றுக்கணக்கில் வீழ்த்தியதாகப் பதிவு செய்தார்கள். ‘போரின் மிக மோசமான சண்டை விமானம்’ என்று பஃபலோவைச் சொல்லும் கேள்வித்தாள் பின்லாந்துக்காரர் ஒருவரிடம் சிக்கினால் நிற்காது. பின்லாந்தே 1944 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தோடு போர்நிறுத்தம் செய்துகொண்டு, ஜெர்மானியரை வடக்கிலிருந்து விரட்டப் போரிட்ட நாடு என்பதையும் அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனிதரும் விமானமும் ஒரே கேள்வியில்

இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் உண்மையிலேயே நல்ல கேள்விகள் பிறக்கின்றன. எனக்குப் பிடித்த மூன்றை விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, பியேர் லெ க்ளோவான் என்ற பிரெஞ்சு விமானி. போரின் முதல் ஆண்டில் ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார். 1940 ஜூன் 15 அன்று தெவுவாத்தீன் டி.520 விமானத்தில் எழும்பி, ஒரே பறப்பில் ஐந்து இத்தாலிய விமானங்களை வீழ்த்தினார். ஒரு வாரத்தில் பிரான்ஸ் சரணடைந்தது. ஜூலை 3 அன்று, பிரெஞ்சுக் கப்பல்கள் ஜெர்மனியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தில் அவற்றைத் தாக்கியதில் ஏறக்குறைய 1,300 பிரெஞ்சு மாலுமிகள் மாண்டார்கள். நேற்றுவரை தோழனாக இருந்தவன் மேல் எழுந்த அந்த ஆறாத கோபத்தைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. 1941 ஜூன், ஜூலையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படைகளும் தெகோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையும் சிரியாவுக்குள் நுழைந்தபோது, பெத்தேன் அரசின் விமானியாக லெ க்ளோவான் அதே டி.520இல் பறந்து பிரிட்டிஷ் ஹரிக்கேன்களைச் சுட்டு வீழ்த்தினார். 1942 நவம்பரில் நேச நாடுகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய பிறகு அவருடைய படைப்பிரிவு நேச நாடுகளின் பக்கம் வந்தது. 1943 செப்டம்பர் 11 அன்று அல்ஜீரியாவில் அமெரிக்க ஏர்கோப்ரா ஒன்றில் எஞ்சின் பழுதாகி, அடிவயிற்றில் தொங்கிய எரிபொருள் தொட்டியோடு தரையிறங்கியபோது விமானம் தீப்பிடித்து வெடித்து உயிர் துறந்தார். அவர் கணக்கில் உள்ள 18 வெற்றிகளில் ஜெர்மன், இத்தாலி, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளின் விமானங்களும் உண்டு.

இதைக் கேள்வியாக்கும்போது கடினமான குறிப்பில் தொடங்கி எளிய குறிப்புக்கு இறங்கி வாருங்கள். ஏர்கோப்ராவில் அவர் இறந்த விதத்தை முதலில் சொல்லுங்கள், சிரியாவை இரண்டாவதாகச் சொல்லுங்கள், ஒரே பறப்பில் ஐந்து விமானங்கள் என்பதைக் கடைசியாகச் சொல்லுங்கள். அவரைத் துரோகி என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று சட்டப்படி இருந்த அரசின் கட்டளைக்குப் பணிந்த படைவீரர் அவர். அதே நாட்டிலிருந்து வேறு வழியில் சென்றவர்களும் இருந்தார்கள்: சோவியத் மண்ணுக்குப் போய் யாக் விமானங்களில் ஜெர்மானியரோடு போரிட்ட நார்மாந்தி நியேமென் படைப்பிரிவினர், போரின் முடிவில் ஸ்டாலின் பரிசளித்த யாக்-3 விமானங்களிலேயே 1945 ஜூனில் பாரிசுக்குத் திரும்பி வந்து இறங்கினார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்த கேள்விகளாக வைப்பது என் வழக்கம்.

இரண்டாவது, மார்ட்டின் மான்ட்டி. அமெரிக்க ராணுவ விமானப் படையைச் சேர்ந்த இவர் 1944இல் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியில் பணியில் இருந்தார். அக்டோபரில் அங்கிருந்து அனுமதியில்லாமல் கிளம்பி, கெய்ரோ வழியாக இத்தாலிக்குச் சென்று, நேப்பிள்ஸ் அருகே பொமிலியானோ ஓடுதளத்தில் ஒரு விமானத்தைக் கவர்ந்துகொண்டு, ஜெர்மானியர் வசமிருந்த மிலானில் போய் இறங்கினார். பிறகு ஜெர்மனிக்காக வானொலியில் பேசினார், நாஜிகளின் எஸ்.எஸ். படையிலும் சேர்ந்தார். போர் முடிந்ததும் விமானத் திருட்டுக்கும் பணியை விட்டு ஓடியதற்கும் மட்டுமே தண்டிக்கப்பட்டு, அந்தத் தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டு, சாதாரணச் சிப்பாயாக அதே அமெரிக்க ராணுவத்தில் மறுபடி சேர்க்கப்பட்டார். உண்மை வெளியான பின் 1948இல் கைதாகி, 1949இல் தேசத்துரோகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1960இல் வெளியே வந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும், ‘பி-38 சண்டை விமானத்தைத் திருடிச் சென்றவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர் எடுத்துச் சென்றது எஃப்-5. பி-38 லைட்னிங்கின் மூக்கிலிருந்த துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுப் புகைப்படக் கருவிகளைப் பொருத்திய வேவு வடிவம் அது. சொற்களை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதில் ஆளே இல்லை, ஒரு தொழிற்சாலைதான் இருக்கிறது. பிரான்சின் க்னோம் எ ரோன் நிறுவனத்தின் எஞ்சின்கள் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மனியின் ஹென்ஷல் 129 தரைத்தாக்குதல் விமானத்தையும், மெஸ்ஸர்ஸ்மிட் 323 என்ற மாபெரும் சரக்கு விமானத்தையும் இயக்கின. விடுதலைக்குப் பின் 1945இல் அரசு அந்த நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது. அதுவே ஸ்னெக்மா ஆயிற்று. இன்று சஃப்ரான் குழுமத்தில் இருக்கும் அந்த வழித்தோன்றல்தான் மிராஜ் 2000, ரஃபேல் ஆகியவற்றின் எஞ்சின்களைச் செய்தது. இந்திய விமானப் படை ஓட்டும் இந்த இரண்டு விமானங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், மாணவர்கள் 1940க்குத் தாங்களாகவே வந்து சேர்வார்கள்.

எண்களை எழுதும் முறை

வானப் போரின் எண்களில் பாதி, விமானிகள் தாங்கள் வீழ்த்தியதாகச் சொல்லிப் பதிவானவை. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மானியர் உண்மையில் இழந்தவை ஏறக்குறைய 60. யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. புகை கக்கும் ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், மூவரும் தம் கணக்கில் எழுதியிருப்பார்கள். ஆகையால் ஜெர்மானிய விமானி எரிக் ஹார்ட்மானின் 352, பின்லாந்து விமானி இல்மாரி யூத்திலைனனின் 94 போன்ற எண்களைக் கேட்கும்போது, ‘அவர் கணக்கில் பதிவான வெற்றிகள்’ என்று எழுதுங்கள். எண்ணையே விடையாகக் கேட்காமல் ஆளைக் கேட்பது இன்னும் நல்லது.

குற்றத்தின் பெயரையும் எண்ணைப் போலவே துல்லியமாக எழுத வேண்டும். ஜெர்மன் வானொலியில் பேசிய வில்லியம் ஜாய்ஸ் 1946 ஜனவரி 3 அன்று லண்டனில் தேசத்துரோகத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். அவர் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர்; பொய்யான பிறப்பிடம் சொல்லி வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை 1940 ஜூலை வரை வைத்திருந்தார் என்பதாலேயே, அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசம் கடமையாயிற்று என்று நீதிமன்றம் தீர்த்தது. பிரிட்டனில் தேசத்துரோகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட கடைசி நபர் அவர் என்பது சரி. போர்க்காலத்தில் எதிரிக்கு உதவியதற்காகக் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் என்று எழுதினால் தவறு, ஏனென்றால் மறுநாளே வேறொரு சட்டத்தின் கீழ் தியோடர் ஷுர்க் தூக்கிலிடப்பட்டார்.

அரங்கில் படிப்பதற்கு முன்

இந்தச் சுற்றை எழுதும்போது பொறி பறக்கும் எஞ்சின் விவரங்களில் ஆழ்ந்து, பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிடுவது எளிது. உடந்தையானவர்களைப் பற்றி ஐந்து கேள்வி வைத்தால், அந்த உடந்தை யாருக்கு என்ன செய்தது என்பதைப் பற்றி ஒன்றாவது வையுங்கள். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசில் ஏறக்குறைய 13,000 யூதர்களைக் கைது செய்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்கள். குழந்தைகளோடு இருந்த குடும்பங்களை ஒரு சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்துவைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 26 அன்று ஆஸ்லோவிலிருந்து டோனாவ் என்ற கப்பலில் 500க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றி அனுப்பியதற்கு முன், வீடு வீடாகச் சென்று அவர்களைப் பிடித்து வந்தவர்கள் நார்வேக் காவலர்கள். இந்தக் கேள்விகளுக்கு மணி அடிக்கும் போட்டி வைக்காதீர்கள். எழுத்தில் விடை கேளுங்கள்.

கேள்வித்தாள் முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்து, இதற்கு வேறு விடை உண்டா என்று எதிர்வாதியாக நின்று யோசியுங்கள். தயக்கம் வந்தால் ஆண்டைச் சேருங்கள்; ஆண்டு போதாவிட்டால் நாளைச் சேருங்கள். விடைத்தாளில் ஏற்கத்தக்க மாற்று விடைகளையும் எழுதி வையுங்கள். மெஸ்ஸர்ஸ்மிட் 109ஐ பி.எஃப். 109 என்றாலும் எம்.ஈ. 109 என்றாலும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். மாணவர் மறுத்துப் பேசினால் அந்த இடத்திலேயே மறுக்காமல், குறித்துக்கொண்டு சரிபார்த்துச் சொல்வதாக அறிவித்துவிடுங்கள்.

இரண்டு அணிகள் சமநிலையில் நின்றால் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும் கேள்வி இதுதான்: “பெத்தேன் ஹிட்லரின் கையைக் குலுக்கிய நாளுக்குச் சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, அதே தேதியில், ஆஸ்லோவில் ஒரு தண்டனை நிறைவேற்றப்பட்டது, உலக நாடுகளின் ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதி எது, தண்டிக்கப்பட்டவர் யார், ஒப்பந்தம் எது?” விடை: 1945 அக்டோபர் 24, விட்குன் குவிஸ்லிங், ஐக்கிய நாடுகள் சாசனம். மூன்றில் இரண்டைச் சொன்னாலும் புள்ளி உண்டு.